பின்னல் நூலும் தங்கூசும்: நழுவாத முடிச்சு போடுவது எப்படி?

கடலோரத்தில் இருக்கும் நம் குடும்பங்களில் தூண்டில் போடத் தெரியாத வீடு குறைவு. சிலருக்கு அது பிழைப்பு. சிலருக்கு அஸர் தொழுதுவிட்டுப் பாலத்திலோ தூண்டில் வளைவுக் கற்களிலோ போய் உட்காரும் பொழுது. முன்பு எல்லார் கையிலும் இருந்தது தங்கூசு நரம்பு மட்டும்தான். இப்போது வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் ராடும் ரீலும் பின்னல் நூலும் கொண்டுவருகிறார்கள். நம் ஊர்க் கடைகளிலும் ‘பிரெய்டு’ என்று கேட்டால் தருகிறார்கள்.

இந்தப் புதிய நூலோடு ஒரு புதிய தொல்லையும் வந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் இரண்டு நூலையும் சேர்த்து வெறும் முடிச்சாகப் போட்டால், நல்ல மீன் இழுக்கும் நேரத்தில் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மீனும் போகிறது, தூண்டிலும் ஈயக்குண்டும் போகின்றன. வாயில் முள்ளும் பின்னால் நீண்ட நரம்புமாக அந்த மீன் கடலில் திரிகிறது. ஐந்து நிமிடம் பொறுமையாக முடிச்சுப் போட்டால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இரண்டு நூலுக்கும் உள்ள வேறுபாடு

தங்கூசு என்பது நைலான். ஒரே இழையாக இழுத்துச் செய்யப்படுவது. இழுத்தால் நன்றாக நீளும், விட்டால் சுருங்கும். நீரில் மெல்ல அமிழும். பாறையில் உரசினாலும் ஓரளவு தாங்கும். தண்ணீரில் மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

பின்னல் நூல் ஒரு வகைப் பாலிஎதிலீன் இழைகளை நான்காகவோ எட்டாகவோ சேர்த்துப் பின்னியது. இது அநேகமாக நீளாது. அதனால் மீன் தொட்டவுடன் கையில் தெரியும். தண்ணீரைவிட லேசானது என்பதால் மிதக்கும். அதே பலமுள்ள தங்கூசைவிட மிக மெல்லியது. 20 பவுண்டு தங்கூசு சுமார் 0.45 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், 20 பவுண்டு பின்னல் நூல் சுமார் 0.23 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே ரீலில் அதிக நீளம் சுற்றலாம், தூரமாக வீசலாம்.

ஆனால் பின்னல் நூலுக்கு இரண்டு குறைகள் உண்டு. பாரிலோ சிப்பி ஒட்டிய தூணிலோ உரசினால் சீக்கிரம் அறுந்துவிடும். மேல்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் முடிச்சில் பிடிப்பு இருக்காது. முதல் குறையைத் தீர்க்கத்தான் முள் பக்கம் ஒன்றிரண்டு மீட்டர் தங்கூசு சேர்க்கிறோம். இதை ‘லீடர்’ என்கிறார்கள். இரண்டாவது குறையைத் தீர்ப்பது முடிச்சின் வேலை. எல்லா நல்ல முடிச்சுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பின்னல் நூலுக்கு அதிகச் சுற்றுகள் கொடுத்தால் அது பல இடங்களில் இறுகிப் பிடிக்கும்.

முதல் முடிச்சு: இரட்டை யூனி

புதிதாகக் கற்பவர்களுக்கு இதுவே போதும். இரண்டு நூலின் தடிமனும் அதிகம் வேறுபடாதபோது நன்றாகப் பிடிக்கும்.

1. இரண்டு நுனிகளையும் எதிரெதிராக வைத்து, சுமார் 30 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பிடியுங்கள்.

2. தங்கூசு நுனியைப் பின்னால் மடித்து ஒரு வளையம் செய்யுங்கள். அந்த நுனியை இரண்டு நூலையும் சேர்த்து, வளையத்தின் உள்ளாக 4 அல்லது 5 முறை சுற்றுங்கள். நுனியை இழுத்து லேசாக இறுக்குங்கள்.

3. பின்னல் நூலின் நுனியிலும் இதையே செய்யுங்கள். ஆனால் 8 சுற்று கொடுங்கள்.

4. இரண்டு முடிச்சையும் தண்ணீரில் நனையுங்கள். நீண்ட பக்கங்கள் இரண்டையும் நிதானமாக இழுத்தால் இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும். மீண்டும் ஒருமுறை பலமாக இழுத்துவிட்டு நுனிகளை வெட்டுங்கள்.

இரண்டாவது முடிச்சு: ஆல்பர்டோ

மெல்லிய பின்னல் நூலோடு தடித்த தங்கூசைச் சேர்க்க இது ஏற்றது.

1. தங்கூசு நுனியை மடித்துச் சிறு வளையமாகப் பிடியுங்கள்.

2. பின்னல் நூலை அந்த வளையத்தின் உள்ளே 25 சென்டிமீட்டர் அளவுக்கு நுழையுங்கள்.

3. அதைத் தங்கூசின் இரண்டு இழைகளையும் சேர்த்து, வளையத்தை விட்டு விலகும் திசையில் 7 முறை சுற்றுங்கள். பிறகு அதன் மேலேயே வளையத்தை நோக்கி 7 முறை சுற்றிக்கொண்டு திரும்புங்கள்.

4. எந்தப் பக்கமாக உள்ளே நுழைந்ததோ அதே பக்கமாக நுனியை வெளியே எடுங்கள். பக்கம் மாறினால் பிடிப்பு இருக்காது.

5. நனைத்து, மெல்ல இறுக்கி, வெட்டுங்கள்.

மூன்றாவது முடிச்சு: எஃப்.ஜி.

கொடுவா, பெரிய பாறை போன்ற மீன்களுக்காக வீசுகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் தங்கூசு எங்கும் மடங்குவதில்லை. பின்னல் நூல் அதன் மேல் ஜடைபோலப் படர்ந்து, இழுக்க இழுக்க இறுகுகிறது. முடிச்சு மெல்லியதாக இருப்பதால் ராடின் வளையங்களில் தட்டாமல் ஓடும். இதை இரண்டு பேர் சேர்ந்து போட்டால் எளிது. வாப்பா முடிச்சுப் போட, மகன் நூலைப் பிடித்துக்கொள்ளலாம்.

1. ஒருவர் தங்கூசின் நுனிப் பகுதியை இரு கையாலும் விறைப்பாகப் பிடிக்கட்டும்.

2. மற்றவர் பின்னல் நூலை, தங்கூசின் நுனியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உள்ளே வைத்து, ரீல் பக்கத்தை ஒரு கையிலும் நுனிப் பக்கத்தை மறு கையிலும் பிடிக்க வேண்டும். நுனிப் பக்கம் அரை மீட்டர் இருக்கட்டும்.

3. இரண்டையும் தங்கூசின் மேலே குறுக்காக மாற்றுங்கள், பிறகு கீழே குறுக்காக மாற்றுங்கள். இப்படி மேலே 10, கீழே 10 என மாற்றி மாற்றி, தங்கூசின் நுனியை நோக்கி நகருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதை ஒட்டி இருக்க வேண்டும், அதன் மேல் ஏறக் கூடாது. கை தளரவும் கூடாது.

4. பின்னல் நூலின் நுனியால், தங்கூசையும் ரீல் பக்கத்து நூலையும் சேர்த்து இரண்டு அரை முடிச்சு போடுங்கள்.

5. நனைத்துவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, முள் பக்கத்துத் தங்கூசையும் ரீல் பக்கத்து நூலையும் பலமாக இழுங்கள். ஜடை இறுகி, நிறம் சற்றுக் கறுத்துத் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்.

6. மேலும் நான்கைந்து அரை முடிச்சு போட்டு, தங்கூசு நுனியை ஒட்ட வெட்டுங்கள். பிறகு ரீல் பக்கத்து நூலின் மேல் மட்டும் ஐந்தாறு அரை முடிச்சு போட்டு முடியுங்கள்.

எல்லா முடிச்சுக்கும் பொதுவானவை

நனைக்காமல் இறுக்காதீர்கள். உலர்ந்த நூல் உரசும்போது உண்டாகும் சூடு தங்கூசைப் பலவீனப்படுத்தும். பின்னல் நூல் சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே நுனியைச் சுடுகிறேன் என்று லைட்டரை முடிச்சுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம்.

முடிச்சைக் கரையிலேயே சோதியுங்கள். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் மாட்டி இழுத்தால் போதும். 20 பவுண்டு என்பது ஏறக்குறைய 9 கிலோ. அதில் பாதிக்குக் கூட நிற்காமல் வழுக்கினால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வெட்டிய இரண்டடி நூல் ஒரு நட்டமே அல்ல.

ரீலின் அடியிலும் ஒரு இணைப்பு தேவை. வெறும் ரீலில் பின்னல் நூலைச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் சுழலும். முதலில் சில சுற்று தங்கூசைச் சுற்றி, இரட்டை யூனியால் இணைத்து, அதன் மேல் பின்னல் நூலைச் சுற்றுங்கள்.

பார் நிறைந்த இடத்தில் தூண்டில் போடுகிறவர்கள், லீடரைப் பின்னல் நூலைவிடச் சற்றுப் பலம் குறைந்ததாக வைப்பது நல்லது. தூண்டில் சிக்கி இழுத்து அறுக்க வேண்டி வந்தால், முள் பக்கமே அறும். நீண்ட பின்னல் நூல் கடலில் தங்காது.

கையும் கடலும்

சிக்கிய பின்னல் நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. மெல்லிய அந்த நூல் விரலைக் கத்திபோல அறுத்துவிடும். ஒரு மரக்கட்டையில் நாலைந்து சுற்று சுற்றி, கட்டையைப் பிடித்து இழுங்கள். சிறுவர்களுக்கு முடிச்சுக்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வெட்டிய துண்டுகளைத் தண்ணீரிலோ மணலிலோ போடாதீர்கள். இரண்டு வகை நூலும் மக்கிப்போக மிக நீண்ட காலம் ஆகும். அதுவரை ஆமையின் கழுத்தையும், கடற்பறவையின் காலையும், நம் மக்களின் படகு விசிறியையும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்திருந்து, துண்டுகளை அதற்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கடலுக்குப் போகாத நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சையும் பத்து முறை போட்டுப் பாருங்கள். பழக தடித்த கயிறு எடுத்தால் சுற்றுகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கை பழகிவிட்டால், இன்ஷா அல்லாஹ், இருட்டிலும் படகு ஆடும்போதும் அதே முடிச்சு சரியாக விழும்.