தாயைக் காட்டச் சொல்லுங்கள்

மேட்டுக்காட்டு உயிர்கள் – 9

சென்ற வாரம் மேச்சேரி ஆடுகளைப் பார்த்தோம். பட்டி என்றால் நாய் இல்லாமல் இருக்காது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்கள் இப்போது கேட்பது பட்டி நாயை அல்ல. ‘நல்ல வேட்டை நாய் எங்கே கிடைக்கும்?’ என்பதுதான் அவர்கள் கேள்வி. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன்பின் நாட்டு நாய் வைத்திருப்பதே ஒரு கௌரவமாகிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கேள்வியில் உள்ள ‘வேட்டை’யை முதலில் பேசி முடித்துவிட வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்வது மட்டுமே வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, நாய் விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். நாய் துரத்திய முயல் தப்பித்துப் புதருக்குள் போய்விட்டாலும் குற்றம் குற்றமே. சொந்தக் காடு, திருவிழா வழக்கம், தாத்தா காலத்துப் பழக்கம் என்று எதைச் சொன்னாலும் செல்லாது. வேகத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வேலி போட்ட தோட்டத்தில் பந்தை எறிந்து ஓட விடுங்கள்.

அப்படியானால் இந்த நாய்க்கு நம் ஊரில் என்ன வேலை? நமக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடுபிடிச் சண்டையில் விழுந்த வீரனின் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த நாய் கல்லில் இடம்பிடித்தது முயல் பிடித்ததற்காக அல்ல, காத்து நின்றதற்காக. தோட்டத்துச் சாளையில் தனியே குடியிருக்கும் குடும்பத்துக்கு இன்றும் வேண்டியது அந்தக் குணம்தான்.

இனி, குட்டி வாங்கும் விஷயம். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடும் நாய்கள். கூர்ந்து நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மெல்லிய வால். இந்த லட்சணங்களை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இரண்டு மாதக் குட்டியிடம் இவை எதுவும் தெரியாது. அந்த வயதில் எல்லாக் குட்டிகளும் உருண்டையாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். வெளிநாட்டு ஓட்ட நாயோடு கலந்த குட்டியும் அந்த வயதில் அசல் போலவே நிற்கும்.

ஆகவே நேரில் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். பால் கொடுத்து இளைத்திருந்தால் குறையில்லை. அவிழ்த்துவிட்டு நடக்கச் சொல்லிப் பின்னங்கால்களைக் கவனியுங்கள். அந்நிய ஆளைக் கண்டு குரைத்து, வளர்ப்பவர் அதட்டியதும் அடங்கினால் நல்ல தாய். கட்டிலுக்கடியில் பதுங்கி நடுங்கினால் அந்த ஈத்தில் குட்டி எடுக்க வேண்டாம். தகப்பன் எது, தாய்க்கும் அதற்கும் என்ன உறவு என்றும் கேளுங்கள். அசல் நாய்கள் குறைந்துபோனதால் உடன்பிறந்தவற்றையே சேர்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பின்னால் வரும் பல நோய்களுக்கும் நோஞ்சான் குட்டிகளுக்கும் அது ஒரு காரணம். இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் என்ன விலைக்கும் வாங்கக் கூடாது என்பது என் முடிவு.

ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. ஆனால் நிறமி இல்லாத அந்தத் தன்மையோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. குட்டியைத் தனியே பிரித்து, அது உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டுங்கள். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது தட்டினால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படியும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் முழுச் செவிடு தெரிந்துவிடும். காவலுக்கு வளர்க்கும் நாய்க்குக் காது கேட்காவிட்டால் என்ன பயன்?

கோம்பை வேறு வார்ப்பு. செம்பழுப்பு உடல், கருத்த முகம், கட்டுமஸ்தான தோள். அதை அடக்கி வளர்க்கத் தெரிந்தவர் மட்டும் வாங்கலாம். நிறத்துக்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இனங்களை நேரில் பார்த்துப் பழகிய பிறகு வாங்கப் போவது நல்லது. ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது போய் நின்று பாருங்கள்.

ஓட இடமில்லாத வீட்டுக்கு இந்த நாய்கள் வேண்டாம். மாடி வீட்டில் சங்கிலியில் கட்டிப்போட்டால் சிப்பிப்பாறை சீறும், கடிக்கும், பிறகு யாரோ அதை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவார்கள். வாங்கியவர்கள் மறுநாளே குட்டியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுபோங்கள். பூச்சி மருந்து கொடுங்கள். தடுப்பூசி தவறினால், பார்வோ வைரஸ் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும்.

(தொடரும்)