கைப்பிடி உயர்த்தி (பனியுந்து)

கைப்பிடி உயர்த்தி என்பது ஸ்நோமொபைல் எனப்படும் பனியுந்தின் திசைமாற்றித் தண்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே பொருத்தப்படும் உலோகத் துண்டு ஆகும். இது 2, 4, 6 அங்குலம் எனப் பல உயரங்களில் கிடைக்கிறது.

ராக்கி மலைத்தொடர் போன்ற இடங்களின் ஆழ்பனியில் நின்றுகொண்டே ஓட்டுவோரைத் தாழ்ந்த கைப்பிடி குனியவைத்து முதுகை வருத்தும். சமன்செய்த தடங்களில் அமர்ந்து செல்வோருக்கோ மிக உயர்ந்த கைப்பிடி தோள்களைக் களைப்படையச் செய்யும்.

வண்டியில் வழக்கம்போல் நின்று, முழங்கை சற்று மடங்கிய நிலையில் கைக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து உயரத்தை அறியலாம். தண்டு ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்திருப்பதால், நேரான உயர்த்தி கைப்பிடியைச் சிறிது பின்னுக்கும் கொண்டுவரும்.

உயரத்தைவிட முதன்மையானது வடங்களின் நீளம். முடுக்கி வடம் போதாவிடின், கைப்பிடியைத் திருப்பும்போது இயந்திரம் தானே வேகமெடுக்கக்கூடும். பிரேக் குழாயும் இழுபடலாம். எனவே பொருத்தியபின், இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கைப்பிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தல் வேண்டும். இழுபட்டால் நீண்ட வடமோ குட்டையான உயர்த்தியோ தேவைப்படும்.