இரண்டு குத்தலுக்கு நடுவே என்ன நடக்கிறது?
கர்ப்பிணிகளின் சர்க்கரையை இரவும் பகலும் பின்தொடரும் சென்சார்

இரவு பத்து மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது 118. காலையில் எழுந்ததும் 92. நோட்டில் இரண்டு எண்களும் ஒழுங்காக இருக்கின்றன. நடுவில் போன எட்டு மணி நேரத்தைப் பற்றி அந்த நோட்டு எதுவும் சொல்லாது. நள்ளிரவில் சர்க்கரை 180 வரை ஏறி இறங்கியிருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு 55-க்குச் சரிந்து, தூக்கத்திலேயே வியர்த்துக் கொட்டி, தானாக மீண்டும் ஏறியிருக்கலாம்.

நீரிழிவு உள்ள எவருக்கும் இது கவலைதான். கர்ப்பிணி என்றால் கவலை இரண்டு உயிர்களுக்கு.

தாயின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்ச் சேரும். தாயின் இன்சுலின் அப்படிப் போவதில்லை. வரும் கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கிறது, குழந்தையின் எடை கூடுகிறது, பிரசவம் சிக்கலாகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் உடலில் இன்சுலின் மட்டும் தங்கியிருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். டென்மார்க் மருத்துவர் ஜோர்கன் பெடர்சன் முன்வைத்த இந்த விளக்கம் இன்றைக்கும் கர்ப்பகால நீரிழிவு மருத்துவத்தின் அடித்தளம்.

தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய இழை

சி.ஜி.எம். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி பார்வைக்கு ஒரு பெரிய பொத்தான் போல இருக்கும். மேல்கையின் பின்பக்கத்திலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளலாம். அதன் அடியில் இருக்கும் முடி போன்ற இழை தோலுக்குக் கீழே, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் தங்குகிறது. இழையில் பூசப்பட்ட நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதை அளந்து எண்ணாக மாற்றிக் கைபேசிக்கு அனுப்புகிறது கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளில் 288 அளவுகள். பெரும்பாலான சென்சார்கள் 10 முதல் 15 நாட்கள் வரை உழைக்கும்.

எண்ணைவிட உதவுவது அதன் அருகே வரும் அம்புக்குறி. 100 என்ற அளவு மேலே ஏறிக்கொண்டிருக்கிறதா, கீழே சரிந்துகொண்டிருக்கிறதா என்பதை விரல் குத்தல் சொல்லாது. அம்புக்குறி சொல்லும். கீழ்நோக்கிய அம்புக்குறியைப் பார்த்த பெண், மயக்கம் வருவதற்கு முன்பே ஏதாவது சாப்பிட்டுவிட முடியும்.

ஒரு மணி நாற்பது நிமிடம்

இந்தக் கருவி பிறக்கும் குழந்தைக்கு உண்மையில் நன்மை செய்கிறதா? இதற்கு வலுவான பதில் 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கனடாவின் டெனிஸ் ஃபைக்கும் இங்கிலாந்தின் ஹெலன் மர்ஃபியும் முன்னின்று நடத்திய 'கான்செப்ட்' ஆய்வு அது. கனடா, பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 31 மருத்துவமனைகளில் முதல் வகை நீரிழிவு உள்ள 325 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் 215 பேர் கர்ப்பிணிகள். ஒரு குழுவுக்குச் சென்சாரும் விரல் குத்தலும், இன்னொரு குழுவுக்கு விரல் குத்தல் மட்டும்.

34-வது வாரத்தில் பார்த்தபோது, சென்சார் அணிந்த கர்ப்பிணிகளின் சர்க்கரை நாளின் 68 சதவீத நேரம் இலக்குக்குள் இருந்தது. மற்றவர்களுக்கு 61 சதவீதம். ஏழு சதவீதப் புள்ளி என்பது ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நாற்பது நிமிடம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான்.

குழந்தைகளிடம் அது சின்னதாக இல்லை. வயதுக்கு மீறிய எடையோடு பிறந்த குழந்தைகள் 69 சதவீதத்திலிருந்து 53 ஆகக் குறைந்தார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கு மேல் இருக்க நேர்ந்தவர்கள் 43 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள். சர்க்கரை தாழ்ந்து சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15. ஆறு கர்ப்பிணிகள் சென்சார் அணிந்தால் ஒரு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதைத் தவிர்க்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

இந்த முடிவுகள் ஏட்டோடு நிற்கவில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கருவியை வழங்க வேண்டும் என்று 2020-ல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. அங்கே அரசு மருத்துவச் சேவையே அதைத் தருகிறது.

இலக்கு என்ன?

கர்ப்பிணிகளின் இலக்கு மற்றவர்களுக்கானதைவிடக் கண்டிப்பானது. 2019-ல் சர்வதேச நிபுணர்கள் ஒப்புக்கொண்ட அளவுப்படி, முதல் வகை நீரிழிவு உள்ள கர்ப்பிணியின் சர்க்கரை 63-க்கும் 140 மி.கி.-க்கும் இடையே நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். 63-க்குக் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அந்த அளவு குறைவாகத் தெரியலாம். ரத்தசோகையும் அதைக் குழப்பும். தவிர, நாற்பது வாரக் கர்ப்பத்தில் மூன்று மாதம் காத்திருந்து தெரிந்துகொள்வது மிகத் தாமதம். குழந்தையின் முக்கிய உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. அதனால் முதல் வகை நீரிழிவு உள்ள பெண், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

அடுத்த படியும் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோமன் ஹோவோர்கா உருவாக்கிய மென்பொருள், சென்சாரின் அளவைப் படித்து இன்சுலின் பம்பைத் தானே கூட்டிக் குறைக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சாப்பிடுவதன் அளவைப் பெண் சொல்ல வேண்டும். 124 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்த பிரிட்டன் ஆய்வு 2023-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் சென்சார் அணிந்திருந்தும் 55.6 சதவீத நேரமே இலக்கில் இருந்தார்கள்; தானியங்கி முறையில் இருந்தவர்களோ 68.2 சதவீத நேரம் இருந்தார்கள்.

சென்சார் தவறும் இடங்கள்

செல்லிடைத் திரவத்தின் சர்க்கரை, ரத்தத்தின் சர்க்கரையைச் சில நிமிடங்கள் தாமதமாகப் பின்தொடரும். ஒட்டிய முதல் நாளில் துல்லியம் குறையலாம். கர்ப்பிணிகளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம். சென்சார் ஒட்டிய கை அடியில் அழுந்தினால் இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி நள்ளிரவில் அலாரம் அடிக்கும். உடலில் தெரியும் அறிகுறியும் திரையில் தெரியும் எண்ணும் பொருந்தாதபோது விரலில் குத்திப் பார்ப்பதே சரி. எல்லாச் சென்சார்களும் கர்ப்பிணிகளுக்கென அனுமதி பெற்றவை அல்ல என்பதால் வாங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கோடு ஏறுவதைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது ஆபத்து. பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் சேரும்.

நம் ஊரில்

மேலே சொன்ன ஆய்வுகள் முதல் வகை நீரிழிவு பற்றியவை. நம் ஊரில் அதிகம் பார்ப்பது கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரை. அதற்கு விரல் குத்தலும் குளுக்கோமீட்டருமே இன்னும் அடிப்படை. இரண்டு வாரச் சென்சார் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய் என்பதால் எல்லோராலும் மாதக் கணக்கில் வாங்க முடியாது. சில மருத்துவர்கள் ஒரே ஒரு சென்சாரை ஒட்டி, காலை இட்லிக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்து உணவையும் இன்சுலினையும் மாற்றித் தருகிறார்கள்.

கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்பினால் கர்ப்பிணி மறுபடி வராமலே போகலாம் என்பதை உணர்ந்தவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொடுகிறதா என்று பார்க்கும் ஒரே பரிசோதனையை அவர் முன்னெடுத்தார். 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய ஆணையிட்டது. பின்னர் வந்த தேசிய வழிகாட்டுதலும் முதல் சந்திப்பிலும், மறுபடி 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் இதே முறையில் பரிசோதிக்கச் சொல்கிறது.

யாரும் பார்க்காமல் கடந்துபோகும் நேரம் ஒன்று இன்னும் இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை பிரசவத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும். குளுக்கோமீட்டர் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றோடு. குழந்தைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போட வேண்டிய சமயமும் அதுதான். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே தாயின் பரிசோதனையையும் குறித்துவைத்தால், ஒரே பயணத்தில் இரண்டும் முடிந்துவிடும்.