சாக்காட்டுப் பறையும் மேடைக் கித்தாரும்

பறை என்னும் சொல்லுக்கு இசைக்கருவி என்பதோடு, சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்து யாழோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. புறநானூற்று 194-ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. பிற்காலத்தில் பறை சாவு வீட்டுக்கே உரியதென்றும், அதனை அடிப்போர் தாழ்ந்தோர் என்றும் சாதி வழக்கு விதித்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒலியை மேடையேற்றிய ஓர் இசைக்குழுவின் வரலாறு தமிழாசிரியர் அறியத்தக்கது.

அக்குழுவின் பெயர் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றோர் கூட்டமைப்பு எனலாம். மலேசியத் தமிழர் வாழ்வைக் ‘கபாலி’யில் (2016) காட்டிய இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைஞர் தென்மாவும் சேர்ந்து 2017-இல் இதனை உருவாக்கினர். சாதி பேதமற்ற தமிழர் என்னும் கருத்தை முன்வைத்து, 1907-இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரை (1845–1914) நினைவுகூர்வதே இப்பெயர்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் அரங்கேற்றம் நடந்தது. பத்தொன்பது கலைஞர் மேடையேறினர். கானா பாடுவோர், ராப் சொல்வோர், ராக் இசைஞர் என மூவகையாரும் அவருள் இருந்தனர். அம்பேத்கரை நினைவூட்டும் வண்ணம் கோட்டும் சூட்டும் அணிந்திருந்தனர். சாவு வீட்டுப் பாட்டுக்காரன் இப்படித்தான் தோன்றவேண்டும் என்றிருந்த எண்ணத்தை அந்த உடையே மறுத்தது.

கானா என்பது வடசென்னை உழைப்பாளர் வளர்த்த பாட்டு. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்போர் துயர் ஆறப் பாடுவது. மெட்டு திரும்பத் திரும்ப வரும். சொற்களை இடத்துக்கேற்பக் கட்டிக்கொள்வர். இதனை ராக் இசையோடு இணைப்பது எளிதன்று. பறையை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி ஏறும். ஆற ஆறத் தளரும். கித்தாரோ முறுக்காணியால் சுருதி நிறுத்தப்படுவது. இவ்விரண்டையும் ஒரே தாளத்தில் நிறுத்தியதே இக்குழுவின் சோதனை முயற்சி எனலாம்.

இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் என, திரைப்பாட்டு எளிதில் தொடாத பொருள்களை இவர்கள் பாடினர். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவைப் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவின் மற்றொரு பாடகரான அரக்கோணத்து அறிவு எழுதி, தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. சந்தோஷ் நாராயணனின் இசை அமைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அப்பாட்டுக்குக் கரு. அதே ஆண்டு ஆகஸ்டில் இசை இதழ் ஒன்றின் இந்தியப் பதிப்பு, தன் அட்டையில் தீ முதலியோரைக் காட்டி அறிவை விட்டுவிட்டது. பாட்டு உலகெங்கும் கேட்க, அதை எழுதியவன் அட்டையில் இல்லை! பலரும் வினவிய பின்னரே அறிவின் படம் தாங்கிய மின்னட்டை வந்தது.

இங்குதான் பேராக் மாநிலத்தாருக்குரிய செய்தி உள்ளது. ஈப்போ, கோப்பெங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் திருவிழாத் தப்பும், தாலாட்டும், ஒப்பாரியும் ஒலித்தன. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடுகளும் நிற்கின்றன. லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். பாட்டு மட்டும் முதியோர் சிலர் நெஞ்சில் தங்கியுள்ளது. அதனைப் பதிவதற்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை, கைப்பேசியே போதும். ஆனால் பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிந்த நாள் ஆகிய மூன்றும் உடன் எழுதப்பட வேண்டும். பெயரின்றிப் பதிந்த பாட்டு நாளை யாருடையதாகவும் ஆகிவிடும். உலகப் புகழ் பெற்ற பாட்டிலேயே உரியவர் பெயர் ஒருமுறை மறைந்ததெனின், தோட்டத்துப் பாட்டிக்கு யார் காவல்? அக்காவல் மாணவரிடமிருந்து தொடங்கலாம்; அவர்களை அதற்குப் பழக்குதல் ஆசிரியர் கடன்.