ஒரு மனையில் ஒரு வீடுதானா?

பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, தனி வீடு தேடும்போதுதான் நிலத்தின் அருமை நமக்குப் புரிகிறது. லயத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமா இந்தத் தொல்லை? வசதியான நியூசிலாந்து மக்களுக்கும் இதே கதைதான்.

அந்நாட்டின் பெரிய நகரமான ஆக்லாந்தில் கால் ஏக்கர் மனை, நடுவில் ஒரு வீடு, சுற்றிலும் புல்வெளி என்பதே பழைய வழக்கம். அதே மனையில் கூடுதல் வீடு கட்டப் பல வட்டாரங்களில் மாநகர மன்ற விதிகள் எளிதில் இடம் தரவில்லை. நகரம் விரிந்துகொண்டே போனது. வீட்டு விலையும் ஏறியது.

2016-இல் விதியை மாற்றினார்கள். குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில், நம் தாமான்களில் உள்ளவை போன்ற வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் கட்ட வழி பிறந்தது. யாருடைய வீட்டையும் இடிக்கச் சொல்லவில்லை. விரும்பியவர் கட்டலாம், அவ்வளவுதான். வெயில் மறையும், தெருவெல்லாம் கார் நிற்கும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால், ஓராண்டில் அனுமதி பெறும் வீடுகளின் எண்ணிக்கை இரு மடங்காகி, 2022-இல் 21,000-ஐத் தாண்டியது.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. பொன்சன்பி போன்ற, நகர நடுவையொட்டிய பழைய மரவீட்டு வட்டாரங்களில் பெரும்பகுதியைப் பாரம்பரிய அழகு கெடக்கூடாதென்று தொடாமல் விட்டார்கள். வேலைக்கு நடந்தே போகக்கூடிய இடங்கள் அவைதானே!