மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்கு முடி மெலிதாக இருந்தால், "பத்துமலையில் இன்னொரு மொட்டை போடு" என்பார்கள் பாட்டிமார்கள். மொட்டை நேர்த்திக்கடனுக்குச் சரி. ஆனால் முடியின் வேர் தோலுக்கு அடியில் இருப்பதால் கத்தி அதை எட்டாது, முடியும் அடர்த்தியாகாது.

சில பிள்ளைகளுக்குக் குறையே வேரில்தான். 'லூஸ் அனாஜன் சின்ட்ரோம்' என்ற அரிய நிலையில், வளரும் முடி மயிர்க்காலில் உறுதியாகப் பற்றாது. இழுத்தால் வலியே இல்லாமல் கையோடு வந்துவிடும். 2 முதல் 5 வயதுப் பெண்பிள்ளைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் வயது ஏற ஏறச் சீராகிவிடும்.

இன்னொரு வகையில் முடி சீப்புக்கு அடங்காமல் சிலிர்த்து நிற்கும். 2016இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, இதற்குக் காரணமான 3 மரபணுக்களைக் கண்டறிந்தது. ஆகவே, "எண்ணெய் வைக்காத அம்மா" என்று பழி சொல்வது அநியாயம்.

அதற்காக எல்லா முடி உதிர்வையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. வட்ட வட்டமாக, செதிலும் அரிப்புமாகக் கொட்டினால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றும். தலையில் பூசும் மருந்து மட்டும் போதாது. மாத்திரையோ மருந்துநீரோ உட்கொள்ள வேண்டும்.

வீட்டில் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கு நீங்களும் உடன் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, இழுத்தால் வலிக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்பதை மருத்துவரிடம் மலாயில் எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். தேவைப்பட்டால் தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள். 'மொட்டை' என்று பட்டப்பெயர் வைப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.