கால் நகத்தில் மீன் கணக்கு

"நகம் அடிக்கடி பிளக்கிறது, மீன் சாப்பிட்டால் சரியாகுமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதிலுள்ள கந்தகப் பிணைப்புகள்தான் நகத்துக்குக் கெட்டித்தன்மை தருகின்றன. மீனில் நல்ல புரதம் உண்டு. துத்தநாகம், செலினியம், பி12 உண்டு. சத்துக் குறைவால் நகம் கெட்டிருந்தால் மீன் கைகொடுக்கும். நன்றாகச் சாப்பிடுகிறவர் கூடுதலாக இரண்டு துண்டு தின்பதால் நகம் இரும்பாகிவிடாது. பாத்திரச் சோப்பிலும் தண்ணீரிலும் ஊறிப் பிளக்கிற நகத்துக்குக் கையுறைதான் மருந்து. நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்; டாக்டரைப் பாருங்கள்.

மீன் நகத்துக்கு என்ன செய்கிறது என்பதைவிட, மீனைப் பற்றி நகம் என்ன சொல்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிகூட வளராது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகம் வளர்வதை 35 ஆண்டுகள் அளந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது, 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. கால் நகம் இன்னும் மெதுவாக வளர்வதால், இன்று நீங்கள் வெட்டி எறியும் கால் பெருவிரல் நகத்துணுக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் உருவானது. மீனில் உள்ள பாதரசம் கெரட்டினின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு நகத்தில் தங்கிவிடுகிறது. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி, நாம் மறந்தாலும் அது மறக்காது. 1980களில் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் கால் நகத்துணுக்குகளைச் சேகரித்தார்கள். மீன் அதிகம் உண்டவர்களின் நகத்தில் பாதரசமும் அதிகம் இருந்தது.

இதனால் மீனை விட்டுவிட வேண்டாம். எந்த மீன் என்று பாருங்கள். பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீனில்தான் பாதரசம் அதிகம் சேரும். சுறா அப்படிப்பட்டது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். நெத்திலியும் மத்தியும் சில ஆண்டுகளே வாழ்பவை. பாதரசம் அதிகம் சேர நேரமில்லை. விலையும் கம்மி. ஆனால் 'ஏழை மீன்' என்று ஒதுக்குகிறோம். கரைக்கு வரும் மத்தியில் கணிசமான பங்கு அரைபட்டுத் தீவனமாகவும் எண்ணெயாகவும் போகிறது. நாமோ மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறோம்.